பழுதான புள்ளிக்கு ஒரு பொன்னாடை

பாராட்டு விழாவில் உண்மை பேச முடியாது என்று பலர் சொல்வார்கள். தாராளமாகப் பேசலாம். யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவுதான். கழுத்தில் மாலையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக உண்மை பேசியவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சு முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். நான் பௌதிகவியலில் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல், திருகோணமலையில் அம்மா அப்பாவோடு இருந்தேன். வேலை இல்லை என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். "ஆராய்ச்சி செய்யிறாள்" என்று சொல்ல வேண்டும். அது முழுப் பொய்யும் அல்ல. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர், என்னைத் தன்னிடம் படிக்க எடுக்கலாமா என்று பார்ப்பதற்காக ஒரு வேலை தந்திருந்தார். மிகத் தூரத்தில் உள்ள சில குவாசர்களின் பெயர்களைத் தந்து, அவற்றில் எவை எக்ஸ் கதிரில் தெரிகின்றன என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். ஒழுங்காகச் செய்தால் புலமைப்பரிசிலுக்குச் சிபாரிசு செய்வார். தேர்வுக் குழு ஒரு திங்கட்கிழமை காலையில் கூடுவதாக இருந்தது.

குவாசர் என்பது என்ன என்று எங்கள் வீட்டில் பல தடவை விளக்கியிருக்கிறேன். வெகு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இராட்சதக் கருந்துளை ஒன்று இருக்கும். அதற்குள் விழப்போகும் வாயு அதைச் சுற்றிக் கொதிக்கும். அந்தக் கொதிப்பின் வெளிச்சம்தான் குவாசர். அதில் ஒரு பகுதி எக்ஸ் கதிராக வருகிறது. ஆனால் எக்ஸ் கதிரை எங்கள் வளிமண்டலம் கீழே இறங்க விடாது. (அங்கும் ஒரு சோதனைச் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதனால் தொலைநோக்கியையே விண்வெளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது சேகரித்ததைக் கொஞ்சக் காலம் கழித்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கண்டிக்குப் போகும் வீதி எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று தெரியாத ஊரில் இருந்தவளுக்கு அந்த "யார் வேண்டுமானாலும்" என்ற சொல் மிகவும் பிடித்திருந்தது.

நாள் முழுக்கத் தொலைநோக்கி உற்றுப் பார்த்தாலும் அவ்வளவு தூரத்தில் இருந்து ஐந்தாறு ஒளித் துணிக்கைகள்தான் வந்து விழும். ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம்.

"இவ்வளவு செலவழிச்சு மேல ஏத்தினது ஆறு துணிக்கைக்கோ?"

"அது ஆயிரம் கோடி வருசத்துக்கு மேல பயணம் செய்து வந்தது அப்பா."

"அப்ப எங்கட பஸ்ஸிலதான் வந்திருக்கு."

என்னுடைய இடைஞ்சல்களை நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். (வரிசைப்படுத்தினால் பாதி தீர்ந்த மாதிரி இருக்கும் என்பது என் நோய்.) ஒன்று, மின்சாரம். இரண்டு, வீட்டில் இணையமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. எல்லாவற்றுக்கும் நசீர் நானாவின் நெட் கடைக்குப் போக வேண்டும். மூன்று, இந்தத் தரவுகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது; அதை நானாவின் கடையில் இறக்க முயன்றால் பாதியில் இணைப்பு அறுந்துவிடும். நானும் நானாவும் பல தடவை முயன்றோம். கடைசியில் நானா, "தங்கச்சி, இது ஆகுற கதையில்ல. நீங்களே ஒண்டு எழுதிக்கொள்ளுங்களன்" என்றார். ஏதோ கடிதம் எழுதச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் எழுதினேன். சின்னதாக, சொந்தமாக, ஒரு செய்நிரல். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

இனி வரும் ஒரு விடயத்தை மட்டும் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்தத் தொலைநோக்கியை வேண்டுமென்றே மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டுதான் படம் எடுப்பார்கள். கருவியில் ஏதாவது ஒரு புள்ளி பழுதாக இருந்தால் அது பிடிபடட்டும் என்பதற்காக. பிறகு கணினியில் அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டால், வானத்தில் உண்மையாகவே இருப்பது ஒரே புள்ளியாகக் குவியும். கருவியில் இருக்கும் பழுது கோடு கோடாக இழுபடும். கழிக்காமல் பார்த்தால் எல்லாம் தலைகீழ். உண்மை இழுபடும், பழுது குவியும். தரவு அட்டவணையில் ஆட்டம் கழித்த இலக்கங்களும் கழிக்காத இலக்கங்களும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில், அதாவது மேலிருந்து கீழே ஓடும் வரிசைகளில், இருக்கின்றன. நான் கவனிக்காமல், ஆட்டம் கழிக்காத நிரல்களை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, குவாசர் இருக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகே, துணிக்கைக்கு ஒரு புள்ளியாக, ஏழு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்ததைக் கண்டேன். அந்தத் தூரத்துக்கு ஏழு என்பது கொள்ளை. நான் நிதானமானவள் என்று பெயர் எடுத்தவள். அன்று கதிரையைத் தள்ளி விழுத்திக்கொண்டு எழும்பினேன். குசினியில் இருந்து அம்மா புட்டுக் குழலோடு ஓடி வந்தார்.

"என்ன, எங்கையும் செல் விழுந்து வெடிச்சதோ?"

"இல்லை அம்மா. கண்டுபிடிச்சிட்டன்!"

"என்னத்தை?"

"குவாசர். ஆரும் இதுவரைக்கும் எக்ஸ் கதிரில காணாதது."

"நட்சத்திரமோ?"

"நட்சத்திரம் மாதிரி அம்மா."

இந்த "மாதிரி" எங்கள் படலையைக்கூடத் தாண்டவில்லை. நான் நானாவின் கடையில் இருந்து பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வருவதற்குள், நான் ஒரு நட்சத்திரம் கண்டுபிடித்திருந்தேன். மத்தியானத்துக்குள் அதற்கு என் பெயர் வைத்தாகிவிட்டது. பின்னேரம் மறுபடி கடைக்குப் போய்ப் பார்த்தால் பேராசிரியரும் உடனே பதில் போட்டிருந்தார்: மிக்க மகிழ்ச்சி, திங்கள் காலை குழுவுக்கு இதையே முதலில் காட்டப்போகிறேன்.

மறுநாள் கனகசபை ஐயா வந்தார். ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்; எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தின் தலைவர். பத்திரிகை வாசிக்கவும் கரம் பலகையில் காய் அடித்து விளையாடவும் ஒரு மண்டபம், ஓட்டை விழுந்த கூரை, ஒரு கரும்பலகை, மைக் செட் ஒன்று. அவ்வளவுதான் நிலையம்.

"பிள்ளை, நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு உங்களுக்குப் பாராட்டு விழா. ஊரடங்குக்கு முதல் முடிச்சிடுவம்."

"ஐயோ ஐயா, இப்ப என்னத்துக்கு? முதலில் அங்க சரிபார்க்கட்டும்..."

"போன வருசம் முழுக்க நாங்கள் அஞ்சலிக் கூட்டம்தான் நடத்தினது. கறுப்புக் கொடி கட்டின கயிறு இன்னும் கழட்டேல்லை. அதிலையே உங்களுக்குக் கலர்க் கொடி கட்டுவம் எண்டு இருக்கிறன். மறுக்கக் கூடாது."

மறுக்க முடியவில்லை.

ஞாயிறு நண்பகல்தான் மின்சாரம் வந்தது. ஏற்புரையின்போது காட்ட ஓர் அழகான படம் வேண்டும் என்று கணினியின் முன் உட்கார்ந்தேன். அழகாக இருக்கட்டும் என்று அட்டவணையை ஒழுங்காகப் பார்த்து, ஆட்டம் கழித்த சரியான நிரல்களைப் போட்டேன். (வெள்ளிக்கிழமை உண்மைக்காக எடுக்காத சிரமத்தை ஞாயிற்றுக்கிழமை அழகுக்காக எடுத்தேன்.) என் ஏழு புள்ளிகளும் கலைந்தன. கலைந்து, உரலில் பிழிந்த இடியப்பம்போல வளைந்து வளைந்து படுத்தன. குவாசர் இருக்க வேண்டிய இடம் துப்புரவாக வெறுமையாக இருந்தது.

நிரல்களின் தலைப்புகளைத் திரும்ப வாசித்தேன்; வெள்ளிக்கிழமை எடுத்ததுதான் பிழை. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினேன். முதலில் பேராசிரியருக்கு எழுத வேண்டும். பிழையான முடிவோடு அவர் குழுவின் முன் நின்றால் அவருக்கும் அவமானம், எனக்கு அந்தக் கதவு அதோடு சரி. திங்கட்கிழமை ஹர்த்தால் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு கடையும் திறக்காது. ஆகவே இன்றைக்கே அனுப்ப வேண்டும். ஓடினேன்.

நசீர் நானா கடை வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் இல்ல தங்கச்சி. நாலு மணி போல வரும் எண்டு சொல்றானுகள். நான் அஞ்சுக்குப் பூட்டிடுவன். ஊரடங்கு தெரியும்தானே."

அங்கிருந்து சனசமூக நிலையத்துக்கு ஓடினேன். கனகசபை ஐயா மேசைமேல் ஏறி நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, விழாவை நிப்பாட்டுங்கோ. நான் பிழை விட்டிட்டன். அந்தக் குவாசர் தெரியேல்லை."

"பகலில எப்பிடிப் பிள்ளை தெரியும்? அந்தக் கயிறை எடுத்துத் தாங்கோ."

"அப்பிடி இல்லை ஐயா. நான் கண்டது கருவியில உள்ள பழுது."

"எல்லாத்திலையும் ஒரு பழுது இருக்கும் பிள்ளை. எங்கட மைக்கிலையும் இருக்கு. தட்டினால் சரியாப் போகும். போய் நல்ல சீலை ஒண்டு கட்டிக்கொண்டு வாங்கோ."

மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கடற்கரைப் பக்கத்தில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கனகசபை ஐயாவின் மனைவி எனக்குப் பொன்னாடை போர்த்தி, வழுக்கி விழாமல் இருக்க இரண்டு தோளிலும் ஊசி குத்திவிட்டார். கோயிலில் இருந்து வந்த மாலையும் விழுந்தது. அந்த வெக்கையில் பொன்னாடை கடித்தது.

தலைவர் உரையில் கனகசபை ஐயா, கோணமலைப் பாறையை வாளால் பிளந்த இராவணன் வானத்தையும் அளந்தவன் என்றும், இடையில் சில காலம் நின்றுபோயிருந்த அந்தப் பணியை இப்போது எங்கள் குறுகிய ஒழுங்கையில் இருந்துகொண்டு நான் மறுபடி தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். வாழ்த்துரை வழங்கிய மருந்துக்கடைக்காரர், எலும்பைப் பார்க்கும் எக்ஸ்ரேயால் வானத்தின் எலும்பையே பார்த்த பெண் என்றார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தாண்டியது. இன்னொரு வாழ்த்துரை. பிறகு இன்னொன்று. பேசியவர்கள் எல்லோரும் "நேரத்தைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கினார்கள்.

ஒருவழியாக ஏற்புரைக்கு அழைத்தார்கள். நான் முடிவு செய்துதான் எழுந்தேன்.

"மூன்று விடயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை."

கைதட்டல்.

நான் மறந்துபோன சங்கதி இதுதான். எங்கள் ஊரில் பாராட்டு வாங்குபவர் தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று குறைந்தது இரண்டு தடவையாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம். இதே மேடையில் ஒரு முறை ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் "நான் வெறும் தூசு" என்று சொல்லி மண்டபத்தை அதிர வைத்திருக்கிறார். அவர் தூசு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"உண்மையாகத்தான் சொல்கிறேன்," என்றேன். கைதட்டல் கூடியது. "இரண்டாவது, நான் கண்டது நட்சத்திரமும் அல்ல, குவாசரும் அல்ல. தொலைநோக்கியின் கண்ணில் விழுந்த பூ."

யாரோ பின்வரிசையில் இருந்து "ஆகா!" என்றார். அப்பா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூன்றாவது, இது முழுக்க முழுக்க என் கவனக்குறைவு. அட்டவணையில் பிழையான நிரலை எடுத்துவிட்டேன்."

கனகசபை ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா சபையோரே! உலகம் போற்றும் வேளையிலும் தன் குறையையே எண்ணும் இந்தப் பணிவு! இதுவல்லவோ கல்வி!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. நான் மைக்கை விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். இடது பக்கம் ஒரு புள்ளி, வலது பக்கம் ஓர் இடியப்பம் வரைந்தேன். முன்வரிசையில் இரண்டு மாமிமார் மெதுவாகக் கதைத்தார்கள்.

"இடியப்பம் என்னத்துக்காம்?"

"அங்க மேல அப்பிடித்தான் இருக்குமாம்."

அப்போதுதான் கவனித்தேன். அந்த மண்டபத்தில் ஒரே ஒருவர் மட்டும் தட்டுவதை நிறுத்தியிருந்தார். அம்மா. சின்ன வயதில் நான் கண்ணாடிப் பாத்திரம் உடைத்துவிட்டு வந்து நின்றால் எந்தக் குரலில் கதைப்பேனோ, அதே குரலில் நான் கதைத்துக்கொண்டிருந்ததை அவர் மட்டும்தான் கேட்டார். எழுந்து மேடைக்கு வந்தார்.

"என்னடி, உண்மையாவோ?" காதோடு கேட்டார்.

"ஓம் அம்மா. மெயில் அனுப்ப வேணும். நானா அஞ்சுக்குப் பூட்டிடுவார்."

அம்மா சபையைப் பார்த்து, "பிள்ளைக்குத் தலைச்சுத்து. காத்துப் படட்டும்" என்றார். என்னைப் பக்கக் கதவால் தள்ளிவிட்டு, காதில், "ஓடு" என்றார். உள்ளே நன்றியுரை தொடங்கியது.

பொன்னாடை ஊசியில் இருந்தது, கழற்ற நேரமில்லை. மாலையை எறிய மனம் வரவில்லை, கோயில் மாலை. அந்தக் கோலத்தோடு ஓடினேன். வீதியில் சனம் ஏற்கெனவே குறைந்திருந்தது. சந்தியில் இராணுவத்தின் சென்றிப் பொயின்ட். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு சிப்பாய் கையைக் காட்டி மறித்தார். அடையாள அட்டையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், நான் வந்த பாதையைப் பார்த்தார். மாப்பிள்ளை யாரும் துரத்திக்கொண்டு வரவில்லை.

"கலியாணம்?" என்று தெரிந்த தமிழில் கேட்டார்.

"இல்லை."

"அப்ப மாலை என்ன?"

எனக்கு மூச்சு வாங்கியது. பொய் சொல்லும் அளவுக்குத் தெம்பு இல்லை. "பிழை விட்டனான். அதுக்குப் போட்டவை."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் அதைச் சிங்களத்தில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சோதனை எதுவும் இல்லாமல் போகச் சொன்னார்கள். அந்த வருடம் அந்தச் சந்தியை அவ்வளவு சுலபமாக நான் கடந்தது அன்று மட்டும்தான்.

நசீர் நானா கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் முழுக்கத் திறந்தார். "யா அல்லாஹ், என்ன தங்கச்சி இது?"

"லைன் வந்திட்டோ நானா?"

"வந்திட்டு. கெதியா."

எழுதினேன். தெரிகிறது என்று நான் சொன்ன குவாசர் தெரியவில்லை. ஆட்டம் கழிக்காத நிரல்களைப் பார்த்தது என் பிழை. படத்தை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து குழுவுக்குக் காட்ட வேண்டாம். அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தோம். நானா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஓதியபடி என் பின்னால் நின்றார். போய்விட்டது. நான் மேசையில் தலையைச் சாய்த்தேன். மாலையில் இருந்து இரண்டு பூ கீபோட்டில் விழுந்தது.

ஹர்த்தால் முடிந்து கடை திறந்ததும் பதிலைப் பார்த்தேன். உங்கள் கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது, குழுவுக்கு எதையும் காட்டவில்லை. காட்ட எதுவும் இல்லாதபடியால் இந்த வருடம் இடமும் இல்லை. இனிச் செய்ய வேண்டியது இதுதான்: தெரியாத குவாசர்களுக்கும் கணக்கு உண்டு. இந்த அளவைவிடப் பிரகாசமாக இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை போடலாம். எல்லாவற்றுக்கும் போட்டு அனுப்புங்கள், அடுத்த வருடம் பார்ப்போம்.

போட்டேன். சரியான நிரலில், மின்சாரம் இருந்த மணித்தியாலங்களில், ஒன்றொன்றாக. அந்த ஒரு வருடமும் மீன் வாங்கப் போனாலும் "நட்சத்திரம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அடுத்த வருடம் இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் கனகசபை ஐயாவிடம் விடைபெறப் போனேன். கரம் பலகைக்கு மா தூவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, போறதுக்கு முதல் ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நான் சொன்னது பணிவு இல்லை. உண்மையா அங்க ஒண்டும் இருக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. கொடி கட்டேக்கையே விளங்கினது."

"பிறகேன் ஐயா கூட்டம் வைச்சனீங்கள்?"

அவர் மா தூவுவதை நிறுத்தவில்லை. "சனம் கை தட்டிக் கன காலம். கொடியும் கட்டியாச்சு."

வீட்டில் மட்டும் அந்தக் கைதட்டல் இன்றுவரை ஓயவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒரு பிழையை ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் எழுந்து நின்று தட்ட வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. பால் பொங்கவிட்ட அம்மாவுக்குத் தட்டியிருக்கிறோம். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த அப்பாவுக்குத் தட்டி, அவரை ஏற்புரையும் நிகழ்த்த வைத்தோம். போன மாதம் என் கட்டுரை ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கில் ஒரு பெருக்கலைப் பிழையாகப் போட்டிருந்தேன். இரவு முழுக்க அதைத் தேடித் தேடிக் களைத்து, விடிந்ததும் வீட்டுக்கு அழைத்து, "அம்மா, பிழை என்னிலைதான்" என்றேன்.

மறுமுனையில் கதிரைகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. இருவரும் எழும்புகிறார்கள். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம். கொஞ்சம் நேரம் எடுத்தது. பொறுத்திருந்தேன். பிறகு தட்டத் தொடங்கினார்கள்.